விளக்கு அணையும் வரை

பிரிந்தபோது
பெட்ரோல் கார் அவனுக்கு, நாய் எனக்கு.
ரொட்டிக் கடையில் என் முறை விடிகாலை மூன்றுக்குத் தொடங்கும்.
அந்நேரம் காயானியில் பேருந்துகளும் உறங்கும்.

ஆகவே சொத்காமோ சாலையில்,
ஏரி உறையத் தொடங்கிய வாரம்,
உர்ப்போ ஹெய்ஸ்கனென் வீட்டு வாசலில் நின்றேன்.
எண்பத்தொன்பதாம் ஆண்டு மெர்சிடிஸ். டீசல். ஐந்து சிலிண்டர். அடர்நீலம்.
நான்கு லட்சத்துப் பன்னிரண்டாயிரம் கிலோமீட்டர் ஓடிய பிறகும்
இப்போதுதான் தலை துவட்டிய பிள்ளைபோல் இருந்தது.

இருக்கைக்கு உறை. உறைக்கு மேல் துண்டு.
‘பூட்ஸைத் தட்டிவிட்டு ஏறுங்கள்.’
தட்டினேன்.
பார்த்தார்.
இன்னொரு முறை தட்டினேன்.

சாவியைப் பாதி திருப்பினால்
மஞ்சள் சுருளொன்று எரிகிறது.
‘அது அணையும் வரை தொடாதீர்கள்.
அவசரக்காரர்களுக்கு டீசல் ஆகாது.’
எண்ணினேன்: பதினொன்று.
தகர வாளியில் யாரோ கூழாங்கல் கொட்டியதுபோல் ஓர் இரைச்சல்,
பிறகு அது தன் மூச்சுக்கு வந்தது.

மூவாயிரத்து நூறு யூரோ. நூறைக் குறைக்கக் கேட்டேன்.
பதிலுக்கு ஒரு நோட்டை நீட்டினார்.
முப்பது வருடம் போட்ட ஒவ்வொரு லிட்டரும், பென்சிலில்;
தேதி, தூரம்,
கடைசிக் கட்டத்தில் அன்றைய காற்றின் திசை.
எதிர்காற்று என்றால் அடிக்கோடு.
நூறையும் சேர்த்தே எண்ணிக் கொடுத்தேன்.

அண்ணன் யார்க்கோவின் கொட்டகையில்
பக்கவாட்டுப் பட்டையைக் கழற்றிய இரவு
உள்ளே ஓர் ஓட்டை, கட்டைவிரல் நுழையும்.
ஒரு சாண் தள்ளி இன்னொன்று.
துணி எட்டும் இடமெல்லாம் துடைத்திருக்கிறார் மனிதர்;
எட்டாத இடத்தில்
சாலை உப்பும் ஒரு நோட்டு எழுதியிருக்கிறது.

வெப்ப பிளக் ஐந்தில்
நான்கு சொன்ன பேச்சு கேட்டன.
மூன்றாவது முரண்டு பிடித்தது.
எண்ணெய் விட்டு ஒரு நாள், கால் சுற்று, மறுபடி எண்ணெய்.
உள்ளே முறிந்தால் எஞ்சின் தலையையே கழற்ற வேண்டும் என்று
யார்க்கோ மூச்சைப் பிடித்துக்கொண்டு திருகினான்.
ஐந்தாம் இரவு வந்தது, கரி பிடித்த சுண்டுவிரல்போல்.

அப்புறம் இன்னொரு வேடிக்கை:
சாவியை உருவிக் கையில் வைத்திருக்கிறேன்,
எஞ்சின் நிற்கவில்லை.
அணைத்தது தெரியாமல் ஓடிக்கொண்டே இருந்தது.
எனக்கு அந்த நோய் தெரியும்.
ஒரு ரப்பர் குழாய் வெடித்திருந்தது, அவ்வளவுதான்.
நான்கு யூரோ.
எல்லாவற்றுக்கும் அப்படியொரு குழாய் விற்பதில்லை.

செவ்வாய்தோறும் உர்ப்போ தொலைபேசியில்:
‘ஏதாவது கோளாறு?’
‘ஒன்றுமில்லை. அப்படியே இருக்கிறது.’
வெல்டிங் முகமூடியை உயர்த்தி
யார்க்கோ என்னைப் பார்த்தான்.

ஜனவரியில் ஓர் இரவு, மைனஸ் இருபத்தேழு.
மாட்டைக் கட்டுவதுபோல் காரை
மின்கம்பத்தில் கட்டி வைத்திருந்தேன்.
ஒயரை அவிழ்த்து உள்ளே ஏறும்போது அவர் அழைப்பு.
மணி இரண்டரை.
‘தூங்கவில்லை. தெர்மாமீட்டரைப் பார்த்தேன்.’
போனைச் சாவிக்குப் பக்கத்தில் பிடித்தேன்.
சுருள் எரிந்தது, அணைந்தது.
கூழாங்கல். பிறகு மூச்சு.

அந்தப் பக்கம் அவரும் எண்ணியிருக்கிறார்.
‘ஆறிலேயே பிடித்துவிட்டதே.’
‘ஆமாம்.’
‘பிளக் மாற்றியிருக்கிறீர்கள்.’
‘ஆமாம்.’
கண்ணாடிப் பனியை நாய் நக்கிக்கொண்டிருந்தது.
‘வேறென்ன மாற்றினீர்கள்?’
ரொட்டிக்கு நேரமாகிவிட்டது என்றேன்.

திரும்பும் வழியில் டீசல் போட்டு
நோட்டில் எழுதினேன், பென்சில் உறைந்த விரலில் நழுவ:
நாற்பத்தொரு லிட்டர். வடகாற்று.
அடிக்கோடு போட்டேன்.
கட்டத்துக்கு வெளியே, இடுக்கி:
முன் இருக்கையில் நாய். துண்டு இல்லை.