இன்னும் நான்கு மணி நேரம்

எனக்குத் தெளிந்துவிட்டது.
சுவரில் சுண்ணாம்பு உதிர்ந்த இடம்
இப்போது ஒன்றாகவே தெரிந்தது.
முகமூடியைக் கழற்றப் போனேன்.
டாக்டர் ஹதுனா என் கையைப் பிடித்துக்கொண்டார்:
"இது உங்களுக்கு இல்லை."

குத்தாயிசியில் அந்த ஏப்ரலில்
போன பனி திரும்பி வந்தது.
ஈருயிர்க்காரிக்குக் குளிரக் கூடாதென்று
கேஸ் கணப்பை விடிய விடிய எரியவிட்டான் ரெவாஸ்.

மூன்று நாளாகத் தலை கனத்தது.
மசக்கை என்றாள் மாடிவீட்டு சியாலா.
ஏழாம் மாதத்தில் என்ன மசக்கை என்று
நானும் கேட்கவில்லை.
எலுமிச்சம்பழம் கொடுத்தாள். முகர்ந்தேன்.
எலுமிச்சை மணந்தது.
அது மட்டும்தான் மணந்தது.

வந்ததற்கு நிறமில்லை, ஒரு செருமல்கூட இல்லை.
பிராணவாயு உட்கார வேண்டிய இடத்தில்
முந்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டு
எழுந்திருக்க மறுக்கும் விருந்தாளி.

"உங்கள் ரத்தம் அதை விட்டுவிட்டது,"
டாக்டர் கட்டிலோரம் உட்கார்ந்து சொன்னார்.
"குழந்தையின் ரத்தம் லேசில் விடாது.
உங்களிடமிருந்து கிடைக்கும் கொஞ்சநஞ்சத்தையும்
இறுக்கிப் பிடித்துக்கொள்ளவே உருவான ரத்தம்.
நல்லது கெட்டது அதற்குத் தெரியாது.
உங்களுக்கு ஒரு மணி நேரம் என்றால்
அதற்கு ஐந்து."

ஒன்று முடிந்திருந்தது.

காகிதச் சுருளில் உன் இதயம்
மேடு பள்ளம் இல்லாத கோடாக
வந்துகொண்டே இருந்தது.
உனக்காக மூச்சு விட்டேன்.
அதுவரை மூச்சு ஒரு வேலை என்று தெரியாது.

ரெவாஸ் வந்தான், சட்டையெல்லாம் கரி.
புகைபோக்கியைத் திறந்தார்களாம்.
செருப்புப் பெட்டியில் கொண்டுவந்திருந்தான்:
சாம்பல் கழுத்துக் காக்கையின் கூடு.
குச்சி, ஆட்டுமயிர், ஒரு பஸ் டிக்கெட்,
நீலம் ஓடிய நான்கு முட்டை.
"எறிந்துவிடவா?"
பொன்குஞ்சுக்குக் கதகதப்பாய் ஓரிடம்
அவளும்தான் தேடியிருக்கிறாள்.
முகமூடிக்குள் பேச்சு வரவில்லை.

இப்போது உனக்குப் பதினான்கு மாதம்.
மாதாமாதம் டேப் வைத்துத் தலையை அளக்கிறார்கள்.
நர்ஸ் நிமிராமல் எண்ணை எழுதுகிறாள்;
அந்த எண் எதைச் சொல்கிறதென்று
நான் கேட்பதில்லை, அவளும் சொல்வதில்லை.
இரண்டு சொல் பேசுகிறாய்,
ஒன்று யாருக்கும் புரியாதது.

எதைப் பிடித்தாலும் விடமாட்டாய்,
கரண்டி, என் காதணி, ரியோனிப் பாலத்தின் கம்பி.
"என்ன பிடி, என்ன பிடி!" என்று
பூரிக்கிறாள் சியாலா.
நான் குனிந்து
விரல் விரலாகப் பிரித்தெடுக்கிறேன்.