கேட் அடைத்திருக்கும் நேரம்

சைக்கிளில் போன பதினோரு வருஷமும்
ஆறுகளைத் தொடையால்தான் தெரியும் எனக்கு.

தாம்பாளம் மாதிரித் தட்டையான இந்தச் சீமையில்
மேடு என்றால் பாலம்தான்.
குடமுருட்டிக்கு எட்டு மிதி.
வெட்டாற்றுக்குப் பன்னிரண்டு.
வெண்ணாற்றுக்கு மட்டும்
கொசுவத்தை இடுப்பில் செருகி
எழுந்து நின்று மிதிக்கணும்.
அதற்கப்புறம் நீடாமங்கலம் வரை
கால் சும்மா இருக்கும்,
சங்கிலி மட்டும் பேசிக்கொண்டு வரும்.

ஆடிக் காற்று எதிரில் நின்று
நெஞ்சில் கை வைத்துத் தள்ளும்.
குறுவை அறுத்த நாளில்
பாதிச் சாலை நெல்லுக்கு, மீதி லாரிக்கு.
இடையில் உள்ள ஒரு முழத்தில் நான்.
பசிக்கும். அப்போது எனக்குப்
பத்து மணிக்கே பசிக்கும்.

மன்னார்குடிக் கிளைக்கு மாற்றல் வந்தது.
கூடவே கும்பகோணத்திலிருந்து
இரண்டாம் கையாக ஒரு வெள்ளை ஆல்ட்டோ.
முதல் நாள் வெண்ணாற்றை
தேடினேன், நிஜமாகவே.
கடந்து அரை கிலோமீட்டர் ஆகியிருந்தது.
வலது பாதம் இரண்டு விரற்கடை கீழே போனதுதான்
அன்று நான் ஏறிய ஏற்றம்.

ரஹ்மத் பீவி ரவிக்கையின் ஓரத் தையலை
பொங்கலுக்கு ஒரு தரம் பிரித்தாள்,
சித்திரையில் ஒரு தரம்.
ஆனியில் துணியைத் திருப்பிக் காட்டி,
"பிரிக்க இனி ஒண்ணும் இல்லம்மா" என்றாள்.
லேப் சீட்டும் அதையேதான் சொன்னது,
எண்களில்.

விடிகாலை யோகா ஆறு நாள்.
கை தூக்கினால் பரண், நீட்டினால் கட்டில்.
ஹரித்ராநதியை மாலையில் சுற்றலாமே என்றார் மேனேஜர்.
சுற்றலாம்.
கேஷ் கணக்கு ஒத்துப்போகிற நாளில்.

அப்புறம்தான் கேட்.

நீடாமங்கலம் கேட்டைத் தெரியாதவர்
இந்தப் பக்கத்தில் யாருமில்லை.
பிள்ளைப்பேறுக்குப் போகிறவளும் அங்கே நிற்கணும்,
பிணமும் நிற்கணும்.
ஒரு செவ்வாய்க்கிழமை, கால் மணி ஆகியும் திறக்கவில்லை.
தனக்கே தெரியாமல் முழங்கால்
ஸ்டியரிங்குக்கு அடியில் சுழன்றது.
சாவியை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டேன்.

கேட்டுக்கு முதுகைக் காட்டி
வண்டி வரிசையின் வால் வரைக்கும் நடை.
கோழிக்கூண்டு ஏற்றிய மினி லாரி, டவுன் பஸ்,
தலையை வெளியே நீட்டித் தூங்கும் சிறுவன்,
வைக்கோல் டிராக்டர்,
மறுபடி ஒரு பஸ்.
போகும்போது எண்பத்திரண்டு வண்டி.
திரும்பும்போது நூற்றுநாலு.
வரிசை வளர வளர என் நடை நீளும்.
கூட்ஸில் நெல் ஏறும் நாள் என்றால்
இரண்டு நடை.

ஓட்டமும் உண்டு.
மணி அடித்து கேட் எழும்போது
வாலில் நின்றிருந்தால்
செருப்பைக் கையில் பிடிக்க வேண்டியதுதான்.
"மேடம் வராங்க, கொஞ்சம் பொறுங்கப்பா"
என்பார் கடலை வண்டி அந்தோணிசாமி.
யாரும் பொறுப்பதில்லை.
அத்தனை ஹாரனும் என் முதுகில்தான்.
மூச்சு இறைக்க உட்கார்ந்து
பெல்ட்டைப் போடும்போது
வெண்ணாற்றின் மேல் இறங்கிய அந்த
பழைய சூடு ஒன்று கன்னத்தில்.

இளைக்கவில்லை.
ரஹ்மத் பீவி புதுத் துணி கேட்டிருக்கிறாள்.
ஆனால் நேற்று பத்தரைக்கு,
பாஸ்புக் பதியும் நேரத்தில்,
பசித்தது.

கேட்டுக்குப் பக்கத்தில் தூண்கள் எழும்புகின்றன.
மேம்பாலம் வந்தால் நிற்கவே வேண்டாம் என்று
பஸ்ஸில் எல்லோருக்கும் சந்தோஷம்.
நிமிர்ந்து பார்க்கிறேன்.
அடியில் ஆறே இல்லாத பாலம்.
இந்தச் சீமையிலேயே இதுதான் உயரமாக இருக்கும்.
எத்தனை மிதி வரும் என்று
என்னைக் கேட்காமலே
கணக்குப் போடுகிறது தொடை.
கொட்டகையில் சைக்கிளின் பின் டயர்
காற்றிறங்கிக் கிடக்கிறது.