முப்பத்தாறு அடி நாலு அங்குலம்

விவாகரத்தில் படகு லீலண்டுக்கு.
லைசென்ஸ் எனக்கு.
மாட்டுப் பண்ணைப் பக்கத்திலிருந்து வந்த நீதிபதி,
சரிபாதி வெட்டிவிட்ட திருப்தியில்
கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.

சரிபாதியாம்.
லைசென்ஸ் இல்லாத படகு
துறையில் கட்டிப்போட்ட மரக்கட்டை.
படகில்லாத லைசென்ஸ்
என் சமையலறையில், கரண்ட் பில்லுக்கு அடியில்
பிளாஸ்டிக் உறைக்குள் மூச்சடக்கிக் கிடக்கிறது.

புதிதாக ஒன்று யாருக்கும் கிடையாது.
டெக்சாஸ் கதவைச் சாத்தி வெகுகாலம் ஆயிற்று.
உள்ளே இருப்பவர் இருக்கலாம்
வருஷாவருஷம் பணம் கட்டி.
ஒரு வருஷம் மறந்தால் வெளியே.
நான் மறந்ததே இல்லை.

மதியம் இரண்டு மணிக்கு
விரிகுடாவில் வலை மேலே வந்துவிட வேண்டும்,
அது அரசின் சட்டம்.
மூன்று மணிக்கு வீட்டில் இருக்க வேண்டும்,
அது என் சட்டம்.
முதலாவதை அவன் ஒருநாளும் மீறியதில்லை.

இப்போது அரசே லைசென்ஸைத் திரும்ப வாங்குகிறதாம்.
விலையை நீயே எழுது என்கிறது கடிதம்.
ஆஸ்டினில் யாரோ உறைகளைப் பிரித்து
மலிவானதிலிருந்து அடுக்குவார்கள்.
கூடுதலாக எழுதினால் திருப்பி அனுப்புவார்கள்.
குறைத்து எழுதினால்
நன்றி சொல்லி எடுத்துக்கொள்வார்கள்.

படிவத்தில் ஏழாவது கேள்வி: படகின் நீளம்.

டேப்போடு துறைக்குப் போனேன்.
ஏழு மாதமாகப் பேச்சில்லை.
கேட்காமலே மறுமுனையை வாங்கிக்கொண்டு
முன்பக்கம் நடந்தான்.
பின்பலகையில் இன்னமும் ரோசாரா,
என் பெயர், கடைசி எழுத்து உரிந்து.
பெயிண்ட் விற்கும் விலைக்கு, என்றான்
நான் பார்ப்பதைப் பார்த்து.

முப்பத்தாறு அடி நாலு அங்குலம்.
"மூக்குக் கட்டையையும் சேர்த்தா?"
"யாருக்குச் சொல்ல? அரசுக்கா, உனக்கா?"

ஒரு பெலிக்கன் எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்தது.

"நானே வாங்கிக்கொண்டால்?" என்றான்.
"உன்னிடம் எவ்வளவு இருக்கிறது?"
ஒரு தொகை சொன்னான்.
நான் நினைத்ததைவிடக் குறைவு.
அவனிடம் இருப்பதைவிட அதிகம்,
அவன் கணக்கை இருபது வருஷம் எழுதியவள் நான்.
பதில் சொல்வதற்குள் டேப்பை விட்டுவிட்டான்.
தளம் முழுக்கச் சீறிக்கொண்டு வந்து
என் கட்டைவிரலைக் கடித்தது.

வெள்ளிக்கிழமை கடைசி நாள்.
அன்றைய தபால் முத்திரை இல்லாவிட்டால் செல்லாது.
விலைக்கான கட்டத்தில்
ஓர் எண் எழுதியிருக்கிறேன், பென்சிலால்.
பேனாவால்தான் நிரப்ப வேண்டும் என்று
மேலே தடித்த எழுத்தில் போட்டிருக்கிறது.