கால் சுற்று

நாங்குநேரியிலிருந்து களக்காடு போகிற ரோட்டில்
போன ஆனியில்
எங்கள் சக்கரம் எங்களையே முந்திக்கொண்டு போனது.

எவன் வண்டியோ பாவம் என்று
ஸ்டியரிங்கில் தாளம் போட்டுச் சிரித்தார் மந்திரமூர்த்தி.
பின்னால் டிரெய்லர்
இடப்பக்கமாகக் குந்தியதில் அவர் சிரிப்பு நின்றது.
சக்கரம் நிற்கவில்லை.
வாய்க்காலைத் தாண்டி
குலை தள்ள இருந்த ஏத்தன் தோட்டத்தில்
பதினோரு வாழையைச் சாய்த்துவிட்டு
பன்னிரண்டாவதில் முதுகைச் சாய்த்துக்கொண்டது.

பதினொன்றுக்கும் எண்ணிக் கொடுத்தேன்.
பன்னிரண்டாவதுக்கும் கேட்டார் தோட்டக்காரர்.
அரண்டுபோன வாழை குலை தள்ளாதாம்.

அன்றிலிருந்து பேரிங் என் பாடு.

பணகுடியில் ஆடி மேகாற்று.
எதிரில் காற்றாலைகள் கிறுக்குப் பிடித்துச் சுற்றுகின்றன.
ஒரு மணல் போதும், உள்ளே விழுந்தால்.
ராட்டினத் தார்ப்பாயை மறைப்பாகக் கட்டி
அதற்குள் உட்கார்ந்திருக்கிறேன், பிரசவம் பார்க்கிறவள் மாதிரி.
மறுபக்கத்து டயருக்குக் கல் கொடுத்தாயிற்று.
ஜாக்கி ஏற்றியாயிற்று.
மூடியைத் தட்டிக் கழற்றினால்
காய்ந்த கருப்பட்டிப் பாகாய்ப் பழைய கிரீஸ்.

"மேலேயே புதுசைத் தடவுளா, போதும்"
என்கிறார் தார்ப்பாய்க்கு வெளியே நின்று.
பழசுமேல் புதுசு தடவியதுதானே
அந்தப் பதினோரு வாழை.

காட்டர் பின், நட்டு, வாசர்.
பேரிங் தானாக உள்ளங்கையில் வந்து விழுகிறது.
டீசல் கிண்ணத்தில் போட்டுப் பழைய பல் பிரஷால் தேய்த்து
வெளிச்சத்துக்குத் திருப்பினேன்.
பதினேழு உருளையில் ஒன்று மட்டும் நீலம்.
மயில்கழுத்து நீலம்; அந்த நிறத்தில் சேலை கிடைத்தால் எடுத்துவிடுவேன்.
வெந்த இரும்பின் நிறம் அது.
"ஒண்ணுதானேக்கா" என்றான் ஆவுடையப்பன்.
தூக்கி எறிந்தேன்.

புதுசு இருக்கிறது பெட்டியில்.
வண்ணார்பேட்டைக் கடையில் வாங்கியது.
டிரைவரை வரச் சொல்லும்மா என்றவரிடம்
நம்பரைச் சொன்னேன், சீல் நம்பரையும் சொன்னேன்,
அப்புறம் அவர் பேசவில்லை.

எலுமிச்சை அளவு கிரீஸ் இடது கையில்.
அதன்மேல் பேரிங்கின் அகன்ற வாயைக்
குத்திக் குத்தி இழுக்கணும்,
உருளைக்கும் உருளைக்கும் நடுவில் நுழைந்து
மறுபக்கம் அது எட்டிப்பார்க்கும்வரை.
அவசரப்பட்டால் முகத்தில் மட்டும் பூசிக்கொண்டு
உள்ளே பட்டினி கிடக்கும்.

சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே நட்டை முடுக்கு.
சுற்ற மாட்டேன் என்று அது அடம்பிடிக்கும்.
அப்போது கால் சுற்று விட்டுக்கொடு.

இந்தக் கால் சுற்றுதான் மந்திரமூர்த்திக்கு வராது.
தண்ணீர்க் குழாய், ஊறுகாய் மூடி,
என் அண்ணன்மேல் ஒன்பது வருடக் கோபம்,
எல்லாம் அவருக்கு முடுக்கினது முடுக்கினதுதான்.

மேலும் கீழும் பிடித்து ஆட்டினேன். ஆட்டமில்லை.
கையால் ஒரு தள்ளு.
சத்தமே இல்லாமல் அது சுற்றிக்கொண்டிருந்ததை
கொஞ்ச நேரம் நாங்கள் மூன்று பேரும் பார்த்தோம்.

ஏர்வாடியில் டீ.
கிளாஸை வாங்குமுன் நாலு சக்கரத்தையும் தொட்டேன்,
புறங்கையால், காய்ச்சல் பார்க்கிற மாதிரி.
மூன்று, வெயில் சூடு.
வலப்பக்கம் பின்னது சுட்டது.
அது அவர் முடுக்கியது.
ஒன்றும் சொல்லவில்லை நான்; ஸ்பானரை எடுத்தேன்.
ஒன்றும் சொல்லாமல் என் டீயை
இன்னொரு கிளாஸால் மூடி வைத்திருந்தார்.

களக்காட்டில் கொடை.
முதல் ஐம்பது டிக்கெட்டிலும் என் கட்டைவிரல் கறுப்பாக விழுந்திருந்தது.
இரண்டு பிள்ளைகளோடு தோட்டக்காரர் வந்தார்.
ராட்டினத்தைப் பார்க்கவில்லை,
குனிந்து டிரெய்லருக்கு அடியில் பார்த்தார்.
"இதுல எது அது?"
காட்டினேன்.
குத்தவைத்து உட்கார்ந்து
சந்தையில் மாடு பார்ப்பதுபோல் பார்த்தார்.

பிறகு எழுந்து வேட்டியைத் தட்டி
டிக்கெட்டுக்குக் காசை நீட்டிக்கொண்டே,
"அந்தப் பன்னிரண்டாவது,
அது குலை தள்ளிருச்சும்மா" என்றார்.

காசை வாங்கிக்கொண்டேன்.