பத்தொன்பது அடி

செவ்வாய்க்கிழமை பத்து மணிக் கூட்டத்துக்கு
ஒன்பது ஐம்பத்தெட்டுக்கே போய்க் காத்திருந்தேன்.
திரையில் கேத்லீன் மட்டும்.
அவளுக்குப் பின்னால் மங்கலாக்கிய ஒரு கடற்கரை.
ஏழே நிமிடம்.
பதினொரு வருடத்தில்
சொன்ன நேரத்துக்கு முன்பே முடிந்த ஒரே கூட்டம்.

விசாவுக்கு இன்னும் அறுபது நாள் என்றார் வக்கீல்.
கருணைக் காலம் என்று அதற்குப் பெயராம்.
கருணை தீரும் நாளுக்குப் பெயர்
டெட்லைன்.

எனக்குப் பழகின சொல்தான்.
கோயம்புத்தூர் டீமின் நள்ளிரவுக்குள் அதை எறிந்துவிட்டு
ஆல்ஃபரெட்டாவில் மதியச் சாப்பாட்டுக்குப் போவேன்.
நிறைமாதமாய் இருந்த பூந்தளிரிடம்
எந்த டெட்லைன் முதலில் என்று கேட்டுச் சிரித்திருக்கிறேன்.
அவள் சிரித்தாளா தெரியாது,
ஒலியை அணைத்து வைத்திருந்தாள்.

இருபத்துமூன்றாம் நாள் தூக்கம் வராமல்
அகராதிக்குள் போய் அந்தச் சொல்லின் விலாசம் கேட்டேன்.
பக்கத்தில்தான் இருந்தது.
இதே ஜார்ஜியா, தெற்கே இரண்டரை மணி நேரம்.

மறுநாள் வெள்ளி. சேந்தன் லீவு போட்டு ஓட்டினான்.
வழியெல்லாம் பீக்கன் தோப்பு, செம்மண்,
அட்டையில் கையால் எழுதிய 'வேகவைத்த கடலை'.
ஒரு பை வாங்கினோம், உப்புத் தண்ணீர் சொட்டச் சொட்ட.

ஆண்டர்சன்வில்.
வெறும் புல்வெளி. அதில் இரண்டு வரிசை வெள்ளைக் குச்சங்கள்.
வெளி வரிசை இருந்த இடத்தில் மதில்.
பத்தொன்பது அடி உள்ளே தள்ளி
முளையடித்து மேலே சட்டம் வைத்த ஒரு வேலி,
ஆடுகூடத் தாண்டும்.
தாண்டிய கைதியை மேடையிலிருந்து சுட்டார்கள்.
கொஞ்சம் தெளிந்த தண்ணீருக்காக
அதன் அடியில் கை நீட்டியவனையும்.
தேதி இல்லை, மணி இல்லை.
கோடு, அப்பால் சாவு.
அவ்வளவுதான் அந்தச் சொல் அன்றைக்கு.

போர் முடிந்ததும் வேலியை யாராவது அடுப்பெரித்திருப்பார்கள்.
சொல்லுக்கு வேலை போயிற்று.
கொஞ்ச காலம் அலைந்துவிட்டு
அச்சகம் ஒன்றில் சேர்ந்துகொண்டது,
இதற்கு மேல் எழுத்துக் கோத்தால் பதியாது
என்று காட்டும் கோடாக.
அங்கிருந்து பத்திரிகை ஆபீஸ், சுவர்க்கடிகாரம்,
பிறகு எல்லோர் மேசையும்.
ஊர் விட்டு ஊர், தொழில் விட்டுத் தொழில்.
அதற்கு மட்டும் யாரும்
அறுபது நாள் கெடு வைக்கவில்லை.

கெடு.
வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன்.
நாம் மட்டும் யோக்கியமா?
வட்டிக்காரன் வைப்பதும் அதுதான்,
பால் திரிவதும் குடி அழிவதும் அதில்தான்.
நம்முடையதில் ஒளிவுமறைவு இல்லை,
கேட்கும்போதே வயிற்றைப் பிசையும்.
அவர்களுடையதில் பிணத்தை
வாசலிலேயே கிடத்தியிருக்கிறார்கள்,
தினம் தாண்டித் தாண்டிப் போய்
எனக்குத்தான் கண்ணில் படவில்லை.

பள்ளிக்கூடப் பஸ் ஒன்று வந்து நின்றது.
பிள்ளைகள் குச்சங்களுக்கு நடுவே
வளைந்து வளைந்து ஓடினார்கள்.
டீச்சர் அதட்டினாள்.
ஒருவன் உள்ளே வெளியே என்று
இரண்டு காலாலும் குதித்துக்கொண்டிருந்தான்.

இரண்டு வரிசைக்கும் இடையில் நின்று
பூந்தளிருக்கு எழுதினேன்:
குழந்தை எப்படி இருக்கிறாள்?
அங்கே நள்ளிரவு தாண்டியிருக்கும்.
உடனே பதில் வந்தது.
'இப்பதான்க்கா டெட்லைன் முடிச்சோம்.
அவ நடக்கிறா. வாசப்படி தாண்டிட்டா.
நீங்க எப்படி இருக்கீங்க?'

கடலை இன்னும் சூடாக இருந்தது.
ஈரத்தோலை எங்கே போடுவது என்று தெரியவில்லை,
அந்தப் புல்லில் போட மனம் வரவில்லை.
கைக்குள்ளேயே வைத்துக்கொண்டு
முப்பத்தாறு, என்றேன் சேந்தனிடம்.
அவன் வண்டிச் சாவியைத் தேடிக்கொண்டிருந்தான்.