ஆள்காட்டி

மஸ்கட், காலை ஆறரை.
திரையில் இருபத்தாறு கோல்ஃப் வண்டிகள்.
பச்சை என்றால் சரியான வேகம்,
சிவப்பு என்றால் என் வேலை.

பதினான்காம் குழியருகே
பதினொரு நிமிடமாய் ஒரு சிவப்பு.
‘தயவுசெய்து விரைந்து ஆடவும்’
பொத்தானை இருமுறை அழுத்தினேன்.
அசையவில்லை.
பின்னால் மூன்று வண்டிகள் மஞ்சளாகின.

வாக்கிடாக்கியில் மரியசூசை சிரித்தான்:
“அண்ணே, ஆள்காட்டிக் குருவி முட்டையிட்டிருக்கு,
பந்துக்குப் பக்கத்திலேயே.
கத்துற கத்துல
மட்டையை ஓங்கினவர் அப்படியே நிக்கிறார்.”

ஆளைக் காட்டிக்கொடுப்பதில்
என்னைவிட மூத்த உத்தியோகஸ்தர்.

வரைபடத்தில் அந்த இடத்தைச் சுற்றி
நகக்கண் அளவு வேலி வரைந்தேன்.
வண்டிகள் இனி தாமே நின்றுவிடும்.

ஒரு சுற்றுக்கு நான்கு மணி பத்து நிமிடம்;
பதினைந்தாக்கினேன்.
காரணம் கேட்ட கட்டத்தில்
தட்டச்சினேன்:
பராமரிப்பு.