சப்பை மூக்கு

வெள்ளிக்கிழமை.
நிஸ்வாவில் ஆட்டுச்சந்தை கலைந்தபின்
ஹமூதின் கடைக்கு ஷட்டர் இறக்கிவிட்டு
எண்ணெய் போகாத விரல்களோடு அறைக்கு வந்தேன்.
சகாயத்தின் லேப்டாப்பில் பழைய சண்டைப் படம்.
மணல், ஒட்டகம்,
தண்ணீர்க் குப்பியைக் கவிழ்த்துப் பார்க்கும் கேப்டன்.
வருஷம் 1916 என்று எழுத்துப் போட்டார்கள்.

சும்மா இருந்திருக்கலாம்.
"துப்பாக்கி தப்பு" என்றேன்.

"அந்த வருஷத்துத் துப்பாக்கிக்குக் குழல் வெளியே தெரியாது.
முனைவரைக்கும் மூடியிருக்கும்,
எருமைக்கன்றின் மூக்கு மாதிரி சப்பையாக.
இவன் கையில் இருப்பதில்
மூன்று விரல் குழல் நீட்டிக்கொண்டு நிற்கிறது.
இது அடுத்த யுத்தத்துக்கு வந்த சாமான்.
இவன் செத்து, எலும்பும் உப்பான பிறகு."

"சோத்தைத் தின்னுடா" என்றான் வெள்ளைத்துரை.

தின்றேன். எண்ணிக்கொண்டே தின்றேன்.
பத்துத் தோட்டா பிடிக்கிற பெட்டியிலிருந்து
கேப்டன் பதினேழு முறை சுட்டான்.
ஒரு தடவைகூட அவன் தோள் பின்னால் போகவில்லை.
துருக்கிக்காரர்கள் கையிலும் அதே துப்பாக்கி.
மவுசர் வாடகைக்குக் கிடைக்கவில்லைபோல,
ஒரே அண்டாச் சோற்றை
இரண்டு பந்திக்கும் பரிமாறியிருக்கிறார்கள்.
லூயிஸ் கன் மட்டும் சரி:
தலையில் தோசைக்கல் மாதிரி ஒரு தட்டு,
சுடச்சுட அது சுற்றுவதும் சரி.

எனக்கு இதெல்லாம் தெரிய வேண்டியதில்லை.
லேபர் கார்டில் என் வேலை 'சுத்தம் செய்பவர்'.
ஒரு பிரஷ், ஒரு டப்பா எண்ணெய், ஆறு வருஷம்.
கல்யாணத்தில் வீசிப் பிடித்து ஆட வாங்குவார்கள்,
சுவரில் மாட்ட வாங்குவார்கள்.
வெள்ளிப்பட்டை போட்ட மார்ட்டினிக்குத்தான் கிராக்கி.
மூலையில் கிடந்தது சப்பை மூக்கு ஒன்று.
கழுத்துப்பட்டையில் துருவைச் சுரண்டினேன்.
கிரீடம். மூன்று எழுத்து. அதன் கீழே ஊர்:
இஷாப்பூர்.
வங்காளத்தில் பிறந்து கப்பலேறியது,
திரும்ப டிக்கெட் போட யாருமில்லை.
ஹமூத் எட்டிப் பார்த்து, "ஹிந்தி" என்றார்.
என்னைத்தான் கூப்பிடுகிறார் என்று எழுந்துவிட்டேன்.
சிரித்தார். துப்பாக்கியைக் காட்டினார்.

படத்தில் கடைசிச் சண்டை.
கேப்டன் "தோட்டா! தோட்டா!" என்று கத்துகிறான்.
திரையின் ஓரமாய் ஒருத்தன் ஓடி வருகிறான்.
தலைப்பாகை, வெறுங்கால், தோளில் மரப்பெட்டி.
இறக்கிவைத்துக் குனிந்தபடியே
சட்டத்துக்கு வெளியே போய்விடுகிறான்.
இரண்டு விநாடி. முகம் இல்லை.

"பின்னாடி போ" என்றேன்.
சகாயம் போனான்.
"இன்னொரு தடவை."

பெட்டியைத்தான் பார்க்க நினைத்தேன்.
கயிற்றுப் பிடி. சரி.
அளவு சரி.
ஆணிகூடச் சரி என்று சொல்ல வாயெடுத்தபோது
வெள்ளைத்துரை மெல்லுவதை நிறுத்தினான்.
பகலெல்லாம் டைல்ஸ் பெட்டி தூக்குகிறவன்.

"அது காலிப்பெட்டி இல்ல" என்றான்.
"இடது முட்டியப் பாரு, எப்படி உதறுதுன்னு.
நாப்பது கிலோவுக்குக் குறையாது.
மண்ணையாவது போட்டு ரொப்பியிருக்கானுவ."

மூன்றாம் முறையும் பார்த்தோம்.
குழல் தப்பு, தோட்டா பொய்,
ரத்தம் ஏதோ சர்பத்.
அந்த முட்டி மட்டும் உதறியது.

அப்புறம் கேப்டன் வெகுநேரம் செத்தான், வயலின் வாசித்தார்கள்.
சகாயம் சத்தத்தைக் குறைத்துவிட்டு
ஊருக்கு போன் போட வெளியே போனான்.

சனிக்கிழமை காலை
மூலையில் கிடந்ததை எடுத்து மடியில் வைத்தேன்.
நாலு கிலோ இருக்கும்.
பின்கட்டையில் ஒரு தேய்மானம், வழவழவென்று,
யாரோ ஒருத்தர் தாடை பட்டுப்பட்டு.
என் தாடையை அதில் வைத்துப் பார்க்கவில்லை.

வாசலில் கார் நின்றது. ஆள் வந்திருக்கிறது.
"ஹிந்தி!" என்று ஹமூத் குரல் கொடுத்தார்.
எது என்று கேட்கவில்லை.
இரண்டு பேரும் போனோம்.